எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நீ போனில் சொன்னதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறேன். பள்ளியில் ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு கட்டுரைகள் கொடுத்து ஒப்பிட்டு எழுதச் சொன்னார்களாம். பிள்ளை படித்துவிட்டு "இதுல எதும்மா சரி?" என்று கேட்க, "ரெண்டும் அவங்கவங்க கருத்துடா" என்றாயாம். வேலை முடிந்து களைத்து வந்த நேரம், புரிகிறது. ஆனால் அந்தப் பதிலோடு அவனை விட்டுவிடாதே. கருத்து சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, அதற்காக எல்லாக் கருத்தும் ஒரே எடை ஆகிவிடாது. எது சரி என்று கேட்கிற பிள்ளையிடம் "இவர் எதை வைத்துச் சொல்கிறார், அவர் எதை வைத்துச் சொல்கிறார்" என்று திருப்பிக் கேட்டால் போதும். மிச்சத்தை அவனே பார்த்துக்கொள்வான்.

பழக்குவதற்கு நம் அரியலூரிலேயே அருமையான விஷயம் இருக்கிறது. கல்லமேடு டைனோசர். 1980களின் கடைசியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கால் எலும்பு, வால் முள்ளெலும்பு என்று சில துண்டுகள்தான் கிடைத்தன. அந்தக் கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம். உன் வீட்டுக்காரரை விட உயரம் என்று பிள்ளையிடம் சொல்லு, உடனே கண் விரியும். ப்ருஹத்காயோசரஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இதைப் பற்றி இரண்டு விதமான கட்டுரைகள் கிடைக்கும். "உலகத்திலேயே பெரிய டைனோசர் அரியலூரில்" என்பது ஒன்று. "அது எலும்புதானா, கல்லாகிப்போன மரமா?" என்று கேட்பது இன்னொன்று. இரண்டையும் கொடுத்து, கையில் பென்சிலும் கொடு. கண்ணால் பார்த்தது, அளந்தது எல்லாவற்றுக்கும் அடியில் கோடு போடட்டும். அதிலிருந்து ஊகித்ததற்கு வட்டம் போடட்டும். பெரிய பெரிய வார்த்தைகள் எல்லாம் வட்டத்துக்குள்ளே போய்விடுவதை அவனே பார்ப்பான்.

அப்புறம், இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற இடம் எது என்று கேள். இதை யாரும் கேட்பதில்லை, வேற்றுமைக்குத்தான் பாய்வார்கள். இங்கே இரு தரப்பும் ஒத்துக்கொள்கிற முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அந்த எலும்புகள் இப்போது இல்லை. ஈரத்தில் ஊறி, எடுத்த பிறகு பொடிந்துபோய்விட்டன. எந்த அருங்காட்சியகத்திலும் போய்ப் பார்க்க முடியாது. சந்தேகம் கிளம்பியதே அதனால்தான். கையில் இருந்ததெல்லாம் சில படங்களும் விவரிப்பும்தான்.

மரம் என்று சொன்னவர்களும் சும்மா சொல்லவில்லை. நம் பக்கம் கல்மரம் ஏராளம். போன தடவை வந்தபோது பிள்ளை சாத்தனூர் கல்மரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடினானே, 18 மீட்டர், அதை நினைவுபடுத்து. பிறகு இந்தக் கேள்வியைக் கேள்: சாத்தனூரில் கல்மரம் இருப்பது, கல்லமேட்டில் கிடைத்ததும் மரம்தான் என்பதற்கு ஆதாரமா? கொஞ்ச நேரம் யோசிக்க விடு, நீ முந்திக்கொண்டு சொல்லாதே. மரமாக இருந்திருக்கலாம் என்று அது காட்டுகிறது, மரம்தான் என்று காட்டவில்லை. 'இருக்கலாம்' என்பதற்கும் 'இருக்கிறது' என்பதற்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளி பிடிபட்டுவிட்டால், செய்தித்தாளை அவன் படிக்கிற விதமே மாறிவிடும்.

2022-இல் அய்யாசாமி இன்னொருவருடன் சேர்ந்து, எலும்புகளை எடுத்த காலத்தில் பிடித்து அதுவரை வெளிவராத புகைப்படங்களை வெளியிட்டார். எலும்புதான் என்ற பக்கம் அதனால் வலுத்தது. ஆகவே கட்டுரை எந்த வருடம் எழுதியது என்பதையும் பார்க்கச் சொல். 2010-இல் சந்தேகப்பட்டு எழுதியவர் அந்தப் படங்களைப் பார்த்திருக்க வழியில்லை, அவரைக் குறை சொல்லக் கூடாது. இதே எலும்புகளை முதலில் மாமிசம் தின்னும் டைனோசர் வகையில் சேர்த்தார்கள். பிறகு வந்தவர்கள்தான் தாவரம் தின்னும் நீள்கழுத்து வகை என்று மாற்றினார்கள். காரணம் சொல்லி மாறுவது நல்ல அறிகுறி என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.

சரி, படம் வந்துவிட்டதே, அப்படியானால் உலகத்திலேயே பெரியதா? அது தனிக் கேள்வி. சில எலும்புகளை வைத்து முழு உடம்பின் நீளத்தையும் எடையையும் கணக்குப் போடுகிறார்கள், ஆளுக்கு ஒரு எண் வருகிறது. ஒரே கட்டுரையில் ஒரு வரி உறுதியாகவும் அடுத்த வரி பலவீனமாகவும் இருக்கும். முழுக் கட்டுரைக்கும் சேர்த்து சரி, தப்பு என்று மார்க் போடாமல் வரிவரியாகப் பார்க்கப் பழக்கு.

எல்லாச் சண்டையும் இப்படிச் சமமாக நிற்பதில்லை என்பதையும் காட்ட வேண்டும். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்க ஓடியது. வல்லுநர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட்டுகளை, அதாவது சுருண்ட ஓடு கொண்ட பழங்காலக் கடல் உயிர்களை, சுற்றிப் படிவு இறுகி உருண்டையான கல் என்றார்கள். முட்டை என்றால் ஓடு வேண்டும், அந்த ஓட்டுக்கென்று ஓர் அமைப்பு உண்டு. வெளியே உருண்டையாக இருப்பது மட்டும் எதற்கும் போதாது. இங்கே வந்து "இரண்டு தரப்பும்" என்று பாதிப் பாதி பிரித்துக் கொடுத்தால் பிள்ளைக்கு நாம் அநியாயம் செய்கிறோம்.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் சிப்பிச் சிப்பியாக அடுக்கு அடுக்காக வெட்டி எடுத்திருக்கிறோம். இங்கே கடல் இருந்தது என்று புத்தகம் சொல்லி நம்பவேண்டிய அவசியம் எனக்கு இருந்ததில்லை. உன் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு அமையாது. அவனுக்குத் தெரிவதில் பெரும்பகுதி யாரோ எழுதித்தான் வரப்போகிறது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

லீவுக்கு வரும்போது வாரணவாசி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறேன், அம்மோனைட்டை நேரில் பார்க்கட்டும். அதற்குள் அந்தப் பள்ளிக் கட்டுரையை எழுதி முடித்தால் போட்டோ எடுத்து அனுப்பு. எழுத்துப்பிழையை நீ திருத்தாதே, அவன் எழுதியபடியே வரட்டும்.

அன்புடன்,
அப்பா