ஒன்பது சதுர மீட்டரில் என்ன எழுதுவது?

சுங்கை சிப்புட்

அன்பு நண்பா,

நான் நலம். நீயும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே ஒரு வாரமாக மாலையானால் மழை பிடித்துக்கொள்கிறது. வெளியே விளம்பரப் பலகை மாட்டும் வேலைகள் தள்ளிப்போனதால், நீ அனுப்பிய ஒன்பது சதுர மீட்டர் கண்காட்சி அரங்கின் வரைபடத்தை இரண்டு இரவுகள் நிதானமாகப் பார்க்க முடிந்தது. உன் மசாலாத் தூள் கோலாலம்பூர் மைடெக் கண்காட்சி மண்டபம் வரை போகிறது என்பதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. அது நன்றாகப் போய்ச் சேர வேண்டும் என்பதால்தான், வரைபடத்தில் எனக்குச் சரியாகப் படாதவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பின்சுவரில் நிறுவனத்தின் பெயர், அம்மாவின் படம், 14 வகைத் தூள்களின் பட்டியல், நிறுவனம் வளர்ந்த கதை, தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருக்கிறாய். கையில் பிடித்துப் படிக்கும் துண்டறிக்கைக்கு அது பொருந்தும். கண்காட்சிக்கு வருபவரோ நடந்துகொண்டே இருப்பார். 3 மீட்டர் அகலமுள்ள உன் அரங்கைக் கடக்க அவருக்குச் சில விநாடிகள் போதும். உன் பெயரை இதுவரை கேள்விப்படாத அவர், அந்தச் சில விநாடிகளில் அறிய விரும்புவது நீ என்ன விற்கிறாய் என்பதைத்தான். ஆகவே சுவரில் மிகப் பெரிதாக நிற்க வேண்டியது ‘கறி மசாலாத் தூள்’ என்ற பொருளே; நிறுவனத்தின் பெயர் அதற்கு அடுத்த அளவில் இருந்தால் போதும்.

நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் துணிப் பதாகை எழுத வந்த பெயிண்டரை நினைத்துப் பார். தொழிலாளர்கள் காலையில் கூடும் பிரட்டுக் களத்தில் துணியை இழுத்துக் கட்டி, இரண்டு எழுத்துகள் எழுதியதும் தூரிகையை வைத்துவிட்டு, பந்துத் திடலின் மறுகோடி வரை நடந்துபோய்த் திரும்பி நின்று பார்ப்பார். நாம் அதை வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் தொழிலில் நான் கற்ற முதல் பாடம் அதுதான் என்று இப்போது தெரிகிறது. 10 அடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று பலகைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. அதன்படி 30 அடிக்கு 3 அங்குலம், அதாவது ஏறக்குறைய 7.5 சென்டிமீட்டர். ஆனால் அந்தக் கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு உரியது. சுழியும் கொம்பும் புள்ளியும் உள்ள தமிழ் எழுத்துக்கு நான் எப்போதும் ஒன்றரை மடங்கு உயரம் கொடுக்கிறேன். வரிகளுக்கு இடையிலும் கூடுதல் இடம் விடுகிறேன், இல்லாவிட்டால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகர விசிறியும் முட்டிக்கொள்ளும்.

அம்மாவின் படத்தைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. விடியலில் ரப்பர் பால் வெட்டப் போய்விட்டு, மாலையில் லயத்தின் பின்புறம் அம்மியில் மிளகாய் அரைத்த அந்தக் கைகளிலிருந்துதான் உன் தொழிலே பிறந்தது என்பதை நான் நன்கு அறிவேன். அந்தப் படம் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் தொலைவில் நடப்பவருக்கு அது அறிமுகமில்லாத ஒரு முகமாகத்தான் தெரியும்; உள்ளே வந்து, உன் தூளை முகர்ந்து பார்த்து, இது எங்கிருந்து வருகிறது என்று கேட்பவருக்கோ அது முழுக் கதையையும் சொல்லிவிடும். எனவே பக்கச் சுவரில், கண்மட்டத்தில், நான்கு வரிக் குறிப்போடு அதை வைக்கலாம். அந்த நான்கு வரிகளையும் நீயே எழுத வேண்டும்.

வாடகை அரங்கின் சுவர், ஒரு மீட்டர் அகலத் தட்டிகளை அலுமினியக் கம்பங்களில் செருகி அமைப்பது. எழுத்தோ முகமோ கம்பத்தின் மேல் விழுந்தால் பிளந்து தெரியும். மேசை ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் உயரம், அதற்கு முன்னால் ஆட்கள் வேறு நிற்பார்கள். ஆகையால் இடுப்புக்குக் கீழே படிக்க வேண்டிய எதையும் வைக்காதே. நீ கேட்டிருந்த 85 சென்டிமீட்டர் அகலப் பண்டிங்கிலும், அதாவது பெட்டியிலிருந்து இழுத்து நிறுத்தும் பதாகையிலும், அடிப்பகுதியில் சிறிது வெற்றிடம் விட வேண்டும், அது பெட்டிக்குள் சுருண்டுவிடும். விளக்கொளி பட்டு மின்னாமல் இருக்க மேட் லேமினேஷன்தான் நல்லது.

மொழியைப் பொறுத்தவரை, மலாயில் ‘செர்புக் காரி’ என்பதும் ஆங்கிலமும் பெரிதாக இருப்பது சரியே. வாங்க வருபவர்களில் பலர் தமிழர் அல்லர். இருந்தாலும் தமிழை ஒரு மூலையில் ஒடுக்கிவிடாதே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காக வெளியே அச்சுக்குக் கொடுத்த பதாகையில், ‘கொத்தமல்லி’யின் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் ஒட்டி, நடுவில் ஒரு புள்ளி வட்டத்துடன் வந்தது. திறப்பு விழாவன்று காலையில்தான் நான் பார்த்தேன். அந்த வேதனை இன்னும் தீரவில்லை. தமிழ் எழுத்துருவைச் சரியாகக் கையாளாத கணினியில் கோப்பைத் திறந்தால் இப்படித்தான் நேரும். அதனால் எழுத்துகள் அனைத்தையும் எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுருவமாக மாற்றிய பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன், மாற்றிய கோப்பையும் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறேன்.

ஹலால் சின்னத்தை வரைபடத்தில் மூன்று இடங்களில் போட்டிருக்கிறாய். ஒன்று போதும், ஆனால் தெளிவாக இருக்கட்டும். சான்றிதழ் நடப்பில் உள்ளதா, 14 வகைகளுக்கும் பெற்றிருக்கிறாயா என்பதை முதலில் பார்த்துவிடு. சான்றிதழ் இல்லாத பொருளுக்கு அந்தச் சின்னத்தைப் பயன்படுத்துவது 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின்படி குற்றம்.

வாட்ஸ்அப்பில் வரும் படம் சுருங்கிவிடுகிறது. 85 சென்டிமீட்டர் அகலத்துக்கு, அங்குலத்துக்கு 100 புள்ளிகள் என்று வைத்தாலும் ஏறக்குறைய 3,350 புள்ளிகள் தேவை. அம்மாவின் பழைய படத்தை நேரில் கொண்டுவந்தால் இங்கேயே ஸ்கேன் செய்துகொள்கிறேன். பின்சுவரின் நடுத்தட்டியை மட்டும் சாதாரணத் தாளில் முழு அளவில் அச்சிட்டு, சனிக்கிழமை காலை என் கடையின் முன்சுவரில் ஒட்டி வைக்கிறேன். நீ வந்து சாலையின் எதிர்ப்புறத்தில் நின்று படித்துப் பார். உன் கடைசி மகளையும் அழைத்து வா, அவள் தடுமாறாமல் படித்தால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.

என்றும் அன்புடன்,
உன் பள்ளித் தோழன்