ஆலயப் புதுப்பிப்புப் பணி நிறைவு அறிக்கை

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

நம் ஆலய வேலை முடிந்து, பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தின வாரம் சாரத்தைப் பிரித்துவிட்டோம். ஓடு, கரையான் அரித்த 7 கைமரங்கள், மின்கம்பி எல்லாம் சொன்ன தொகைக்குள் முடிந்தன. மதிப்பீடு 14 லட்சம், செலவு 15 லட்சத்து 60 ஆயிரம். கூடுதலாகப் போன பணம் முழுவதும் வடக்குச் சுவருக்குத்தான். அதைப் பற்றி வாசலில் பலவிதமாகப் பேசுகிறார்கள். ஆகவே நடந்ததை எழுதுகிறோம்.

நம்முடையது சுண்ணாம்புக் காரைச் சுவர். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அது தானாகவே வெளியே விட்டுவிடும். ஒப்பந்தக்காரர் எங்களைக் கேட்காமலே பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினார். ஈரம் உள்ளேயே தங்கியது. முதல் மழைக்கே உவர் பூத்து, பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. மூன்று கூட்டம் பேசியும் அவர் இறங்கி வரவில்லை. கணக்கு முடித்து அனுப்பிவிட்டோம். முன்பணத்தில் சுவருக்கான பங்கு திரும்பவில்லை. எழுதி வாங்காமல் கொடுத்தது கமிட்டியின் தவறு, ஒத்துக்கொள்கிறோம்.

அப்புறம், அந்தச் சுவரை மறுபடி பூசும் வேலையை டெண்டர் விடாமல் சபை ஆளிடமே கொடுத்தது ஏன் என்ற கேள்வி. கடைசி பெஞ்சில் உட்காரும் கொத்தனார் ஐயாவுக்கு வயது 71. கமிட்டியில் யாருக்கும் அவர் உறவு இல்லை. ஆராதனை முடிந்து ஒருநாள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவர், "இது மூச்சு முட்டி நிக்குது" என்றார். சிமெண்டை உரித்து, சுவரை ஆறப்போட்டு, நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டு அரைத்து, மூன்று பூச்சாகப் பூசினார். கூலி வாங்க மறுத்துவிட்டார். கூட நின்ற ஆட்களுக்கு முழுக் கூலி கொடுத்தோம், ரசீதுகள் இருக்கின்றன.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஆராதித்த ஆசரிப்புக்கூடாரத்தைக் கட்ட ஆண்டவர் பெசலெயேல் என்ற கைவேலைக்காரரைப் பேர்சொல்லி அழைத்தார். கல்லிலும் மரத்திலும் வேலை செய்யும் அறிவை, தம் ஆவியால் கொடுத்ததாகவே யாத்திராகமம் 31ஆம் அதிகாரம் சொல்கிறது. நாமோ பாடுகிறவரையும் பிரசங்கிக்கிறவரையும்தான் தாலந்துள்ளவர் என்கிறோம். இத்தனை வருஷம் ஐயாவை எந்த ஊழியத்துக்கும் கூப்பிடாமல் இருந்தது எங்களுக்கு வேதனையாக இருக்கிறது.

உதவியவர்கள்: கைப்பிடி அரிசி விற்ற பணத்தைக் கொடுத்த பெண்கள் ஐக்கிய சங்கத்தார், உடன்குடியிலிருந்து கருப்பட்டி அனுப்பிய குடும்பம், மும்பையில் இருக்கும் நம் பிள்ளைகள், பீடத் துணி தைத்த மேலத்தெரு அக்காமார் இருவர், சம்பளமில்லாமல் ஒயரிங் செய்த வாலிபர் சங்கத்துத் தம்பி, ராத்திரி ராத்திரியாகக் கணக்கு எழுதிய ஓய்வுபெற்ற ஆசிரியை, தினமும் கடுங்காப்பி போட்டுத் தந்த, ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்குட்டி. கர்த்தர் அவர்களை ஆசீர்வதிப்பாராக.

கணக்குப் புத்தகம் இந்த மாதம் முழுவதும் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு உடைமாற்றும் அறையில் இருக்கும், யாரும் பார்க்கலாம். மீந்த சுண்ணாம்பு பின்பக்கத் தொட்டியில் இருக்கிறது. அதன்மேல் எப்போதும் ஒரு சாண் தண்ணீர் நிற்க வேண்டும் என்று ஐயா சொல்லியிருக்கிறார். அடுத்த பூச்சுக்கு அவரிடம் வேலை பழகிவரும் வாலிபர் இருவரும் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

கமிட்டிக்காக, செயலர்