22 கிலோவாட்டும் வேண்டாம், தடையும் வேண்டாம்: நம் கொண்டோ நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். மின்சாரக் கார் சார்ஜர் பற்றி அதில் இரண்டே தீர்மானங்கள். வேண்டியவர் வேண்டிய சார்ஜரைத் தம் செலவில் மாட்டிக்கொள்ளலாம் என்பது ஒன்று. செந்தூலில் உள்ள நம் கட்டடத்தில் சார்ஜரே கூடாது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நான் கை தூக்கப் போவதில்லை. கூட்டத்தில் பேச மூன்று நிமிடம்தான் தருவீர்கள் என்பதால் காரணத்தை இங்கே எழுதுகிறேன். வயரிங் வேலையில் தலை நரைத்தவன் என்ற உரிமையும் கொஞ்சம் உண்டு.

விற்பனைக்காரர்கள் விட்டுப்போன துண்டுப் பிரசுரத்தில் 22 கிலோவாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சுவரில் மாட்டும் பெட்டி உண்மையில் சார்ஜரே அல்ல. பாதுகாப்பு வசதியோடு கூடிய ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றி பேட்டரிக்குள் அனுப்பும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. அது 7 கிலோவாட்தான் வாங்கும் என்றால் சுவரில் 22 மாட்டினாலும் 7தான். புரோட்டோன் இ.மாஸ் 7 காரால் 11 வாங்க முடியும். அதற்கும் மூன்று பேஸ் (மும்முனை) இணைப்பு வேண்டும். நம் வீடுகளுக்கு வருவது ஒரு பேஸ். 230 வோல்ட், 32 ஆம்பியர் என்று பெருக்கிப் பாருங்கள், ஏழு கிலோவாட்டும் கொஞ்சமும் வரும். வீட்டில் அதற்கு மேல் எதிர்பார்ப்பது வீண்.

ஏழு போதுமா? இங்கிருந்து சைபர்ஜெயாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அதற்கு 13 கிலோவாட் மணி அளவுக்குச் செலவாகும். ஏழு கிலோவாட்டில் இரண்டு மணி நேரம். கார் ராத்திரி முழுக்கச் சும்மாதானே நிற்கிறது! 2025 ஜூலையில் வந்த கட்டண முறையில், நேரத்துக்கேற்ப விலை மாறும் நேரவாரித் திட்டத்தை எடுத்தவர்களுக்கு வார நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரைதான் உச்ச நேரம். பத்து மணிக்கு மேல் போட்டால் பணமும் மிச்சம், கட்டடத்துக்கும் சுமை குறைவு.

ஆளுக்கொரு கேபிள் என்பதுதான் எனக்கு மிகவும் பயமான யோசனை. என் பார்க்கிங் பி2 அடித்தளத்தின் கோடியில். மீட்டர் அறையிலிருந்து கேபிள் இழுத்தால் 60 மீட்டருக்குக் குறையாது. மலிவாக முடிக்க நினைக்கும் வயரிங் குத்தகையாளர் 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் போடுவார். அந்தத் தூரத்தில் 32 ஆம்பியர் ஓடினால் 14 வோல்ட் வழியிலேயே போய்விடும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால்தான் அனுமதிக்கப்பட்ட வோல்ட் இழப்புக்குள் அடங்கும். மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கசிவு பிரேக்கரையும் பாருங்கள். மாறுமின் கசிவை மட்டும் உணரும் பழைய ஏசி (AC) வகைப் பிரேக்கர் காருக்கு ஆகாது. காரிலிருந்து நேர்மின்சாரம் கசிந்தால் அது குருடாகிவிடும். ஆள் ஷாக் அடித்து நின்றாலும் விழாமல் போகலாம். நேர்மின் கசிவையும் உணரும் பி வகை வேண்டும். இல்லையென்றால் ஏ வகையோடு, 6 மில்லிஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி சார்ஜரிலேயே இருக்க வேண்டும். இதையெல்லாம் நாற்பது வீட்டுக்காரர்கள் நாற்பது குத்தகையாளரிடம் தனித்தனியே கேட்டுக்கொண்டிருப்பார்களா?

தடை போட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பி1-இல் துப்புரவாளர் வாக்குவம் போடும் பிளக் பாயின்டைப் போய்ப் பாருங்கள். வலது ஓட்டையின் ஓரம் பழுப்பேறி உருகியிருக்கிறது. யாரோ எக்ஸ்டென்ஷன் ரீலைச் சுருட்டியபடியே வைத்து ராத்திரியெல்லாம் சார்ஜ் ஏற்றியிருக்கிறார்கள். சுருளுக்குள் இருக்கும் வயரின் சூடு வெளியே போக வழி கிடையாது. 13 ஆம்பியர் பிளக் கெட்டில் கொதிக்க வைக்கச் சரி. எட்டு மணி நேரம் விடாமல் சுமை தாங்க அது தோதான இடமல்ல. பேட்டரி தீப்பிடிக்குமே என்று நீங்கள் பயப்படுவதை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பயம் முதலில் போக வேண்டிய இடம் அந்த பிளக் பாயின்ட்.

கேபிள் தட்டும் சுவரும் தூணும் பொதுச் சொத்து. அடுக்குமாடிக் கட்டடங்களுக்கான 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி அவற்றைப் பராமரிப்பது உங்கள் பொறுப்பு. எங்கள் இஷ்டத்துக்குத் துளை போட முடியாது. அதனால்தான் உங்களையே கேட்கிறேன்: பொது வேலையாக எடுத்துச் செய்யுங்கள். ஒரு தளத்துக்கு மூன்று பேஸ், 100 ஆம்பியர் இணைப்பு ஒன்று இழுத்து, சுமையைத் தானாகப் பங்கிடும் சார்ஜர்களை மாட்டினால் ஏறக்குறைய 69 கிலோவாட் கிடைக்கும். இருபது கார்கள் ஒரே நேரத்தில் நின்றாலும் தலைக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோவாட் கிடைக்கும். எட்டு மணி நேரத்தில் 150 கிலோமீட்டர் ஓட்டம் ஏறிவிடும். அதே இருபதும் கட்டுப்பாடில்லாத 22 கிலோவாட் என்றால் 440 கிலோவாட்டுக்கு எங்கே போவது? ஓசிபிபி என்ற பொது நெறிமுறையில் பேசும் சார்ஜர்களையே வாங்குங்கள். ஒரே கம்பெனியிடம் ஆயுளுக்கும் சிக்கிக்கொள்ள மாட்டோம்.

செலவை பராமரிப்புக் கட்டணத்தில் ஏற்ற வேண்டாம். மூன்றாம் மாடியில் ஓய்வூதியத்தில் வாழும் அம்மா இன்னும் பழைய பெட்ரோல் கஞ்சில் கார்தான் ஓட்டுகிறார். என் கார் மின்சாரத்துக்கு அவர் ஏன் கட்ட வேண்டும்? தனித்தனி மீட்டர் வையுங்கள், பயன்படுத்துகிறவர் கட்டட்டும். சார்ஜர் செலவுக்கு 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை 2,500 ரிங்கிட் வரை வரிவிலக்கும் இருக்கிறது. முதல் சார்ஜர்களை அடித்தளக் கோடியில் வைக்காமல் வெளியேறும் சரிவுப்பாதைக்குப் பக்கத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே அடியில் நிறுத்தும் சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும் என்று தீயணைப்புத் துறையான பொம்பாவைக் கேளுங்கள்.

வாக்கெடுப்புக்கு முன் ஒன்றே ஒன்று. கடந்த பன்னிரண்டு மாதங்களில் கட்டடத்தின் உச்சத் தேவை, அதாவது ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்ச மின்சாரம், எவ்வளவு என்பது மின் நிறுவனமான தெனாகாவின் பில்களில் இருக்கும். அந்தத் தாள்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், பதிவு பெற்ற மின் பொறியாளர் ஒருவரைக் கூட்டத்துக்கு அழையுங்கள், பொது வேலையாகச் செய்வது என்ற மூன்றாவது தீர்மானத்தையும் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். அதன் வாசகத்தை எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
பி பிளாக் குடியிருப்பாளர்
செந்தூல், கோலாலம்பூர்