மின் கட்டண ரசீதை மாணவர்களிடம் காட்டுங்கள்: பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம். பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றத்தை நடத்தும் ஆசிரியை நான். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 நெருங்கினால் எங்களைப் போன்றவர்களுக்கு அழைப்பு வந்துவிடும். மரக்கன்றுகள் வேண்டும், பதாகை வேண்டும், உறுதிமொழி வாசிக்கக் கணீரென்ற குரல் கொண்ட ஒரு மாணவி வேண்டும். அந்த நாளை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1972இல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் ஒன்றுகூடி, மனிதர் வாழும் சூழலைப் பற்றிப் பேசத் தொடங்கிய நாள் அது. கொண்டாடத்தான் வேண்டும். நான் கேட்க வந்தது மற்ற நாட்களைப் பற்றி.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பள்ளியைப் பூட்டும் நேரத்தில், மின் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துவைக்க மாணவர்களை அனுமதியுங்கள். திங்கட்கிழமை முதல் மணி அடிக்கும் முன் அதே எண்ணை மறுபடி பார்க்கட்டும். ஆளே இல்லாத கட்டடம் இரண்டு நாட்களில் எத்தனை யூனிட்டைத் தின்றிருக்கிறது என்று தெரிந்தவுடன் அவர்களுக்கு ஒரு கோபம் வரும். அந்தக் கோபத்தை எந்தப் பாடமும் தராது. அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலேயே தேடத் தொடங்குவார்கள். கணினி அறையில் அணைக்காமல் விட்ட திரைகள், ஆசிரியர் அறையில் இரவெல்லாம் தண்ணீரைக் குளிர்வித்துக்கொண்டிருந்த இயந்திரம், யாரும் ஏறாத மாடிப்படியில் எரிந்த விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார்கள்.

தண்ணீருக்கும் இப்படித்தான். எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் சுற்றினால் எங்கோ கசிகிறது என்று பொருள். கழிப்பறை ஃபிளஷ் தொட்டியில் சிறிது வண்ணம் கலந்து வைத்து, சற்று நேரம் கழித்துப் பீங்கானில் வண்ணம் தெரிகிறதா என்று பார்த்தால் கசிவு அகப்பட்டுவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய சோதனை இது. நொடிக்கு ஒரு சொட்டு என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டர்.

ஆனால் இதையெல்லாம் செய்ய முனையும் பிள்ளைகள் ஒரு பூட்டிய அலமாரியின் முன்னால் நின்றுவிடுகிறார்கள். மின் கட்டணம் எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு, காகிதத்துக்கு எவ்வளவு என்பதெல்லாம் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கின்றன. சேமியுங்கள் என்று சொல்கிறோம். எதிலிருந்து எதுவரை என்று சொல்ல மறுக்கிறோம். 1977இல் ஜார்ஜியாவின் தலைநகர் டிபிலிசியில் நடந்த சுற்றுச்சூழல் கல்வி மாநாடு தன் நோக்கங்களில் விழிப்புணர்வோடும் அறிவோடும் பங்கேற்பையும் சேர்த்துத்தான் எழுதிவைத்தது. கணக்கைக் காட்டாமல் பங்கேற்பு எங்கிருந்து வரும்?

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1994இல் ‘ஃபிஃப்டி ஃபிஃப்டி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒரு பள்ளி மின்சாரத்திலும் வெப்பமூட்டலிலும் மிச்சப்படுத்திய தொகையில் பாதி அந்தப் பள்ளிக்கே திரும்பி வந்தது. விதி அவ்வளவு எளிமையானது. உழைப்பவருக்குப் பலனில் பங்கு உண்டு என்ற நியாயம் அதில் இருக்கிறது. உங்கள் பள்ளியிலும் மிச்சமாகும் பணத்தில் பாதியைச் சுற்றுச்சூழல் மன்றத்திடம் கொடுத்துவிடுங்கள். எதற்குச் செலவிடுவது என்று மாணவர்களே தீர்மானிக்கட்டும். நிர்வாகத்துக்கு இதில் ஒரு காசு நட்டமில்லை.

அடுத்தது, என் மனத்தை அதிகம் உறுத்தும் விஷயம். பள்ளியின் குப்பையைப் பற்றி முழுமையாக அறிந்தவர்கள் தூய்மைப் பணியாளர்கள். எந்த வகுப்பில் உணவு அதிகம் மீதமாகிறது, எந்தத் தொட்டியில் பிரித்துப் போட்ட குப்பை மறுபடி ஒன்றாகக் கலக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் உரக்குழி நாற்றமெடுத்தபோது வழி சொன்னது புத்தகமல்ல; வளாகத்தைப் பெருக்கும் அம்மா. ஈரக் கழிவு மிகுந்துவிட்டது, காய்ந்த சருகைப் போட்டுக் கிளறிவிடுங்கள் என்றார். ஈரக் கழிவில் மிகுந்திருக்கும் நைட்ரஜன் ஒரு பங்குக்கு, சருகில் மிகுந்திருக்கும் கார்பன் 25 முதல் 30 பங்கு வேண்டும் என்று நான் கரும்பலகையில் எழுதுவதை அவர் கையால் செய்து காட்டினார். சில நாட்களில் நாற்றம் போய்விட்டது. குவியலுக்குள் கை வைத்த பிள்ளைகள் சூடு தாங்காமல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள். காற்றுப் புகாமல் அழுகியிருந்தால் அதிலிருந்து மீத்தேன் கிளம்பியிருக்கும். 20 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது.

அந்த அம்மாவுக்கு மன்றத்தில் நாற்காலி இல்லை. கூட்டம் நடக்கும் நேரத்தில் அவர் வேலை செய்துகொண்டிருப்பார். 1994 முதல் பல நாடுகளில் நடந்துவரும் ‘எக்கோ ஸ்கூல்ஸ்’ திட்டத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் மற்றப் பணியாளர்களும் சேர்ந்த குழுவை அமைப்பதுதான் முதல் படி. பள்ளியின் நிலையை ஆராய்வது இரண்டாம் படி. செயல்திட்டமே அதற்குப் பிறகுதான். தூய்மைப் பணியாளர், தோட்டக்காரர், சமையலர் ஆகியோரைக் குழுவில் சேருங்கள். அந்த நேரத்தை அவர்களுடைய வேலை நேரமாகவே கணக்கிடுங்கள். கூடுதல் சுமையாக ஏற்றிவிட்டு அதற்குத் தொண்டு என்று பெயர் வைக்காதீர்கள். ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும்: வாரம் ஒரு பாடவேளையை இதற்கென்று கால அட்டவணையில் ஒதுக்குங்கள்.

கொள்முதல் பற்றியும் ஒரு வார்த்தை. உலகில் 2015 வரை சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 9 விழுக்காடுதான் மறுசுழற்சியானது. ஆகவே வண்ண வண்ணத் தொட்டிகளை வாங்கி வைத்தால் போதாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களைப் பள்ளியே வாங்காமல் இருக்க வேண்டும். விழா மேடையிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

மரக்கன்றுகளை நடுங்கள், மறுக்கவில்லை. ஆனால் நீண்ட விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவார் என்று பெயர் எழுதிய பட்டியல் தயாரான பிறகு குழி தோண்டுங்கள். பராமரிக்க முடிகிற எண்ணிக்கைக்கு மேல் ஒரு கன்றுகூட வேண்டாம்.

உங்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கடந்த 12 மாத மின், தண்ணீர் ரசீதுகளை மேசைமேல் வையுங்கள். மாணவர்கள் இருவரையும் தூய்மைப் பணியாளர் ஒருவரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். எங்கள் பிள்ளைகள் கேள்விகளோடு தயாராக இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியை