சுவருக்கு சிமெண்ட் வேண்டாம், மீனா

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். படங்கள் வந்தன. முந்நூறு வருஷத்துப் பழைய வீட்டை என் மகள் இங்கிலாந்தில், சசெக்ஸில் வாங்கியிருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஆனால் படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கிறதே, அதைப் போனில் நீ சொல்லவே இல்லை. தானாக எதையும் சொல்ல மாட்டாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அது செங்கல் சுவர் இல்லையம்மா. ஓக் மரத்தில் சட்டம் நிறுத்தி, நடுவில் ஹேசல் மரக் குச்சிகளைத் தட்டி மாதிரிப் பின்னி, களிமண், வைக்கோல், சாணம் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசியது. மழையில் ஈரம் இழுக்கும், காற்றடித்தால் விட்டுவிடும். பிற்பாடு யாரோ வெளிப்பக்கம் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். மூன்றாவது படத்தில் ஜன்னலுக்குக் கீழே பார், மயிரிழை வெடிப்பு ஓடுகிறது. அதில் புகுந்த தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. உள்ளேயே தங்கி, அடிச்சட்டம் உளுத்துப்போகும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

மேஸ்திரி மறுபடி சிமெண்ட் என்றால் ஒத்துக்கொள்ளாதே. சுண்ணாம்புதான். பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கிற வீடு என்றாயே, கவுன்சில் அனுமதி இல்லாமல் அதன் அமைப்பை மாற்றினால் அங்கே அது குற்றம். வேய்ந்த கூரைக்கு அவசரமில்லை, முகட்டை மட்டும் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

கல்யாணமான புதிதில் ஆல்ஃபிரிஸ்டன் போய் அந்தப் பாதிரியார் வீட்டைப் பார்த்தீர்களே, 14ஆம் நூற்றாண்டு வீடு. 1896இல், பழைய கட்டடங்களைக் காக்கிற நேஷனல் டிரஸ்ட் 10 பவுண்டுக்கு வாங்கியது, அவர்கள் வாங்கிய முதல் கட்டடமே அதுதான் என்று மாப்பிள்ளை கைப்பட எழுதியிருந்தார். சாக் என்கிற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையை இடித்துப் போட்டு, புளித்த பாலால் மெழுகிய தரையாமே! நம் பக்கம் சுண்ணாம்பில் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ப்பதைப் பற்றி நான் பதில் போட்டேன். எவ்வளவு ஆசையாக எழுதினார் மனுஷர். அந்தக் கடிதம் பீரோவில் இருக்கிறது.

உங்கள் வீட்டு உத்தரம் ரொம்பத் தாழ்வாகத் தெரிகிறது. அவர் ஆறடிக்கு மேல், தலை இடிக்கும். பார்த்து நடக்கச் சொல். சமையலறைப் படத்தில் ஒரே ஒரு கப்தான் இருக்கிறது என்றாள் அம்மா. மற்றதைக் கழுவி வைத்திருப்பாள் என்றேன். அப்புறம், சிமெண்ட் மட்டும் வேண்டாம், மறந்துவிடாதே.

அந்த உத்தரத்தின் கீழே மாப்பிள்ளையை நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்பு, உயரம் தெரியும். அவர் ஊரில் இல்லையென்றால் நீ மட்டும் நில், பரவாயில்லை. கட்டிலை அந்தச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் போடு. சுண்ணாம்பு வேலைக்குப் பணம் குறைந்தால் யாரிடமும் கேட்காதே, எனக்குச் சொல்.

அப்பா