நடுவுல பிளான மாத்த விடுங்க சார்

மதிப்பிற்குரிய ஹெச்ஓடி சாருக்கும் ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் மேடத்துக்கும் வணக்கம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எல்லாம் இனிமே அஜைல் முறையில, அதாவது வேலைய சின்னச் சின்ன கட்டமா பிரிச்சு, தேவைக்கேத்த மாதிரி பிளான மாத்திக்கிட்டே செய்யுற முறையில தான்னு சர்க்குலர் வந்தப்போ உண்மையாவே சந்தோஷப்பட்டவங்க நாங்க. செகண்ட் ரிவ்யூல, நடுவுல பிளான மாத்தினதுக்கு எங்களுக்கு மார்க் குறைச்சது உங்களுக்கே தெரியும். கேக்குறது ஒண்ணு தான், ஜீரோத் ரிவ்யூல, அதாவது ஆரம்பத்துலயே குடுத்த பிளான நடுவுல மாத்த விடுங்க, மாத்தினதுக்கு மார்க்க குறைக்காதீங்க.

எங்களுது சொட்டுநீர் பாசனத்துக்கு தானா வால்வ் திறந்து மூடுற சிஸ்டம். மண்ணு ஈரம் பாக்க, மண்ணு வழியா கரண்ட் விட்டு ஈரத்த அளக்குற, ரெண்டு கால் வச்ச விலை கம்மி ரெசிஸ்டிவ் சென்சார் நட்டிருந்தோம். மூணாவது வாரம் தண்ணி சேறா நிக்குது, ஆனா ரீடிங் மட்டும் காஞ்சு போச்சுன்னே காட்டுது, வால்வ் மூடவே இல்ல, பிடுங்கிப் பாத்தா ஈரத்துல நாள் பூரா கரண்ட் ஓடி ஓடி காலு பச்சை பிடிச்சு பாதி அரிச்சுப் போயிருக்கு. அன்னிக்கு தான் உலோகம் நேரா ஈரத்துல படாத கெப்பாசிட்டிவ் சென்சாருக்கு மாறணும்னு முடிவு பண்ணோம், புரோகிராம் கோடு, ரீடிங்க சரிபாத்து அமைக்குற கேலிப்ரேஷன் எல்லாம் முதல்ல இருந்து. இத அப்படியே ஸ்பிரின்ட் ஷீட்ல (ஸ்பிரின்ட்னா வேலையோட ஒரு சின்னக் கட்டம்) எழுதினோம். கெடச்சது "இன்கம்ப்ளீட்"னு சிவப்பு மையில ஒரு வார்த்தையும் மார்க் குறைப்பும் தான். முதல்ல குடுத்த ப்ராஜெக்ட் சுருக்கத்துல (அப்ஸ்ட்ராக்ட்) ரெசிஸ்டிவ்னு இருக்காம், மாத்தக்கூடாதாம்.

சார், 2001-ல யூட்டாவுல 17 பேர் கூடி எழுதின அஜைல் அறிக்கையில இருக்குறதே நாலு வரி தான், அதுல ஒண்ணு பிளான பிடிச்சுத் தொங்குறத விட மாற்றத்துக்கு ஈடு குடுக்குறது முக்கியம்னு சொல்லுது. இதெல்லாம் சாஃப்ட்வேருக்குத் தான்னு ரிவ்யூல சொன்னாங்க, ஆனா ஸ்க்ரம்ங்கற அஜைல் முறையோட பேரே 1986-ல டேக்கூச்சி, நொனாக்காங்கற ரெண்டு ஜப்பான் பேராசிரியர்கள் எழுதின கட்டுரையில இருந்து வந்தது, அவங்க பேசினது காரு, கேமரா, ஜெராக்ஸ் மெஷின் பத்தி. ஒரு வார ஸ்பிரின்ட்னு வேற வச்சிட்டீங்க, பிசிபி (சர்க்யூட் போர்டு) ஆர்டர் போட்டா கைக்கு வரவே பத்து நாள் ஆகுது. ஸ்க்ரம் முறையோட விதிய சொல்ற ஸ்க்ரம் கைடே ஒரு ஸ்பிரின்ட்ட ஒரு மாசம் வரைக்கும் வச்சுக்கலாம்னு தான் சொல்லுது.

இப்ப என்ன நடக்குதுன்னா ரிவ்யூக்கு முந்தின ராத்திரி மத்த பேட்ச் பசங்க ஹாஸ்டல்ல ஒக்காந்து பத்து வாரத்து டெய்லி மீட்டிங் குறிப்பையும் பேனா மாத்தி மாத்தி எழுதுறாங்க. அவங்கள குத்தம் சொல்லல, உண்மைய எழுதினா என்ன ஆகும்னு எங்கள பாத்து கத்துக்கிட்டாங்க. ப்ராஜெக்ட் கைடா இருக்குற சார் மேடமெல்லாம் பாவம், கிளாஸும் எடுத்துக்கிட்டு ஆளுக்கு அஞ்சு பேட்ச் பாக்குறாங்க, கையெழுத்து போடத் தான் நேரம் இருக்கு, வேலைய எப்ப பாப்பாங்க? நாலு வருஷமா ரெக்கார்டு நோட்டு எழுதினது போதாதா சார்?

கோவத்துல அதிகமா பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க. தேர்டு ரிவ்யூக்கு முன்னாடி பிளான் மாத்த அனுமதி குடுங்க, ஏன் மாத்தினோம்னு விளக்கினா அதுக்கும் மார்க் குடுங்க. அரிச்சுப் போன அந்த சென்சார தூக்கிப் போடல, லேப்ல எங்க டேபிள் மேலயே இருக்கு. ஒரு தடவ கையில எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

இப்படிக்கு,
சொட்டுநீர் ப்ராஜெக்ட் பேட்ச்