காக்காய் தூக்கிப்போன பாட்டில்

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு இரண்டு மணிக்கு நீ பேசியபோது பின்னால் பேரன் அழுத அழுகை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

ஐந்து பாட்டிலையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டாயாமே! பதினைந்து மாதப் பிள்ளை, பாவம், என்ன செய்வான்? நிறுத்த வேண்டும் என்று நினைத்தது சரிதான். வேளைக்கு 200 மில்லி, ஐந்து வேளை என்றால் ஒரு லிட்டர். அவ்வளவு பால் வயிற்றில் இருக்கும்போது இட்லி எங்கே இறங்கும்? ஒரு வயதுக்கு மேல் அரை லிட்டரே தாராளம். பாலில் இரும்புச்சத்து என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. பாலிலேயே வளர்ந்து கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளைகள் ரத்தசோகையில் வெளிறிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். 12 மாதத்துக்கு மேல் 18 மாதத்துக்குள் பாட்டிலை விடச் சொல்கிறார்கள். உனக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அப்புறம் ஏன் இந்த அவசரம்?

பாட்டில் பழக்கியதே தப்பு என்று உன் அத்தை சொன்னதற்கு வேறு அழுதிருக்கிறாய். நானும் பழக்கியவள்தான். 1993இல் நீ பிறந்தபோது பேறுகால விடுப்பு 12 வாரம். அது முடிந்த மறுநாள் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஆச்சி உனக்குச் சங்கில் புகட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கை நடுக்கம். பாதிப் பால் உன் கழுத்து மடிப்பில் ஓடும். பால் புட்டிக்கு விளம்பரமே செய்யக்கூடாது என்று அதற்கு முந்தின வருடம்தான் சட்டம் போட்டிருந்தார்கள். புட்டியைத் தடுக்கத் தெரிந்தவர்களுக்கு விடுப்பை நீட்டத் தெரியவில்லை. அது 26 வாரம் ஆனது 2017இல்தான்.

நான் செய்த தப்பு வேறு. இரண்டரை வயது வரை பாட்டிலை உன் வாயில் வைத்தபடியே தூங்கவிட்டேன். நீ தூங்கினால்தான் நான் விடைத்தாள் திருத்த முடியும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். சர்க்கரை போட்ட பால் மேல்பற்களில் அப்படியே தேங்கி நிற்கும். ஈறோரம் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தது. பால் கறை என்று துணியால் துடைத்தேன். நான்கு மாதத்தில் முன்பற்கள் நான்கும் பழுப்பாகி, கறுத்து, நொறுங்கின. கீழ்வரிசையை நாக்கு மறைத்துக் காப்பாற்றியது. உன் மூன்றாவது பிறந்தநாள் படத்தில் நீ ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்பாயே, இதுதான் காரணம்.

பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினேன். ரப்பர் காம்பில் வேப்பெண்ணெய் தடவினேன்; நீ அதைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் குடித்தாய். கடைசியில் பாட்டிலை ஒளித்துவைத்து, காக்காய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொன்னேன். நீ அழவில்லை. ஒரு வாரம் மாடிப்படியில் போய் நின்று, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்த ஒவ்வொரு காக்காயிடமும் கையை நீட்டி, "பாட்டில் தா" என்று கேட்டாய். அதைவிட நீ அழுதிருக்கலாம்.

ஆகவே அவனிடம் பொய் சொல்லாதே. ஒவ்வொன்றாக எடு. விளையாட்டு மும்முரத்தில் அவன் பெரிதாகத் தேடாத பகல் பாட்டிலை முதலில் நிறுத்தி, அந்த வேளைக்குப் பாலை டம்ளரில் கொடு. சிந்துவான், சட்டையை நனைப்பான்; கீழே ஒரு துண்டை விரித்துவிடு. நான்கைந்து நாள் கழித்து அடுத்தது. மூக்கு வைத்த சிப்பருக்கு மாற்றுகிறேன் என்று கிளம்பாதே. அதுவும் பாட்டில்தான், சட்டை மட்டும் வேறு.

இரவு பாட்டிலைக் கடைசிக்கு வை. அதில் நாளுக்குக் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டிப் பாலைக் குறைத்து வா. வெறும் தண்ணீரானதும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதில் பிடிப்பு விட்டுப்போகும். இராச் சாப்பாட்டோடு டம்ளரில் பால், பிறகு பல் துலக்கல், அதன்பின் தோளில் போட்டுத் தட்டு. அந்த வேலையை மாப்பிள்ளை செய்யட்டும். உன் மடியைக் கண்டால் பாட்டில் நினைவு வந்துவிடும். சளி, காய்ச்சல் என்றால் அந்த வாரம் எதையும் மாற்றாதே.

இன்றைக்குப் பழையபடி கொடுத்துத் தூங்க வை. நீயும் தூங்கு. திங்கட்கிழமை தொடங்கலாம்.

அப்பா வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறார். பையில் முறுக்கு டப்பாவுக்குக் கீழே இரண்டு சின்ன எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கிறேன். ஒன்றின் அடியில் சொட்டை இருக்கும். காக்காய் பாட்டிலைத் தரவில்லை என்று நீ படியிலிருந்து விட்டெறிந்தது. தரையில் வைத்தால் ஆடும், அவன் குடிக்கும்போது நீ பிடித்துக்கொள்.

அம்மா